எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கும்முன் பிக்கப்பை எந்த வரிசையில் பார்ப்பது: முழுமையான வழிகாட்டி

முதல் எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கப் போகிறவர்களோடு துணைக்குப் போய்ப் போய் எனக்கு ஒரு காட்சி மனப்பாடம் ஆகிவிட்டது. சுவரில் தொங்குவதில் கண்ணுக்குப் பிடித்ததை எடுப்பார்கள், அங்கே இருப்பதிலேயே பெரிய ஆம்பில் (ஆம்ப்ளிஃபயரில்) சொருகுவார்கள், கெய்னை (சிக்னலை எவ்வளவு பெருக்குவது என்ற குமிழை) கடைசிவரை திருப்பி ஐந்து நிமிடம் முழங்குவார்கள், முகமெல்லாம் பல்லாக 'இதுதான்' என்பார்கள். அவ்வளவு டிஸ்டார்ஷனில் (சத்தம் உடைந்து கரகரப்பாவதில்) எந்தக் கிட்டாரும் நன்றாகத்தான் இருக்கும். வீட்டில் சின்ன ஆம்பில் கிளீனாக, அதாவது சத்தம் உடையாமல், வாசிக்கும்போதுதான் அது மந்தமாக இருப்பதோ, விடாமல் 'ம்ம்ம்' என்று இரைவதோ தெரியவரும். அப்புறம் கேள்வி வரும்: 'பிக்கப்பை மாத்திட்டா சரியாகிடுமா?'

சில சமயம் சரியாகும். பிக்கப் என்பது ஸ்ட்ரிங்குக்கு அடியில் இருந்து அதன் அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் பாகம். பிக்கப்பைக் கழற்றி வேறொன்றை மாட்டுவது பெரிய வித்தை இல்லை, சால்டரிங் பழக்கம் இருந்தால் ஒரு சாயங்காலம் போதும். ஆனால் பிக்கப் உட்கார்ந்திருக்கும் குழியின் அளவும், அது ஸ்ட்ரிங்குக்கு அடியில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதும் மரத்தில் வெட்டப்பட்டவை. அதனால் பிக்கப்பின் பெயர், மாடல் எல்லாம் கடைசிதான். வகை, இடம், குழி இந்த மூன்றும் முதலில். கீழே உள்ள வரிசை அப்படித்தான் போகிறது. நடுவில் தாவாதீர்கள், ஒவ்வொரு படியிலும் சில கிட்டார்கள் கழிந்துபோகும், கடைசியில் இரண்டு மூன்றை மட்டும் நிதானமாகச் சோதித்தால் போதும்.

1. கிளம்பும்முன் எடுத்து வைக்க வேண்டியவை

உங்கள் சொந்த கேபிள். நீளமான கேபிளில் ட்ரெபிள் (உயர் அலைவரிசை) கொஞ்சம் தின்னப்படும், அதனால் நீங்கள் தினமும் பயன்படுத்தப்போகிற கேபிளிலேயே கேட்பதுதான் நியாயம். கடையில் கிடக்கும் கேபிள் கரகரத்தால் கிட்டார் மேல் பழி விழும்.

உங்கள் பிக் (ஸ்ட்ரிங்கை அடிக்கும் சின்ன வில்லை). இது அற்பமாகத் தோன்றும், ஆனால் மெல்லிய பிக்குக்கும் தடித்த பிக்குக்கும் உள்ள வித்தியாசம் சில பிக்கப்களுக்கு இடையே உள்ள வித்தியாசத்தைவிடப் பெரியது.

மில்லிமீட்டர் குறித்த சின்ன இரும்பு ஸ்கேல், ஒரு சின்ன ஸ்டார் ஸ்க்ரூடிரைவர். இரண்டும் 8-ஆவது படிக்குத் தேவை. பழைய கிட்டார் வாங்கப் போகிறீர்கள் என்றால் ஒரு மல்ட்டிமீட்டரும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒலிப்பதிவு செய்ய போன் எப்படியும் கையில் இருக்கும்.

வீட்டில் இருக்கும் ஆம்பின் பெயரையும் அளவையும் எழுதிக்கொள்ளுங்கள். அதேபோன்ற சின்ன ஆம்பில்தான் சோதிக்கப் போகிறீர்கள்.

2. வாசிக்கப்போகும் பாட்டுகளில் ஆறு எழுதுங்கள்

'எனக்கு எல்லாமே வாசிக்கணும்' என்பவர்கள்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். ஆறே ஆறு பாட்டு எழுதுங்கள். அதுவும் என்றாவது வாசிக்க ஆசைப்படுபவை வேண்டாம், அடுத்த ஆறு மாதத்தில் நிஜமாகவே உட்கார்ந்து பயிற்சி செய்யப்போகிறவை. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் கிட்டார் சத்தம் கிளீனா, ஓரத்தில் லேசாக உடைகிறதா, முழு டிஸ்டார்ஷனா என்று குறியுங்கள்.

ஏன் இந்த மூன்று பிரிவு என்றால், பிக்கப் தேர்வைத் தீர்மானிப்பதில் இசை வகையின் பெயரைவிடக் கெய்னின் அளவுக்குத்தான் பெரிய பங்கு. கெய்ன் கூடக் கூட ஆம்ப் சிக்னலை மட்டும் பெரிதாக்குவதில்லை, இரைச்சலையும் சேர்த்தே பெரிதாக்குகிறது. கிளீனில் காதில் விழாத இரைச்சல் முழு டிஸ்டார்ஷனில் பாட்டுக்கு நடுவே வரும் ஒவ்வொரு மௌனத்தையும் கெடுக்கும்.

இன்னொன்றும் குறித்துக்கொள்ளுங்கள்: எங்கே உட்கார்ந்து வாசிப்பீர்கள்? கம்ப்யூட்டர் பக்கத்திலா, டிம்மர் போட்ட விளக்குக்கு அடியிலா? இவை இரண்டும் இரைச்சலுக்குப் பெயர்போனவை.

3. வகையை முடிவு செய்யுங்கள்: சிங்கிள் காயில், பி-90, ஹம்பக்கர்

பிக்கப் என்பது காந்தமும், அதைச் சுற்றித் தலைமுடி போன்ற செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்று சுற்றிய காயிலும்தான். காந்தம் பக்கத்தில் இருப்பதால் எஃகு ஸ்ட்ரிங்கும் காந்தத்தன்மை பெறுகிறது, அது அதிரும்போது காயிலுக்குள் போகும் காந்தப்புலம் மாறுகிறது, அந்த மாற்றத்தால் மிகச் சிறிய மின்னழுத்தம் பிறக்கிறது. அவ்வளவுதான் சங்கதி. (நைலான் ஸ்ட்ரிங்கை எலெக்ட்ரிக்கில் மாட்டிவிட்டு 'ஆம்ப் போயிடுச்சு' என்று வந்த ஒருவரை எனக்குத் தெரியும். நைலானைக் காந்தம் சீண்டாது.)

சிக்கல் என்னவென்றால், அந்தக் காயிலே ஆன்டெனாவாகவும் வேலை செய்கிறது. சுற்றியுள்ள மின் ஒயர்கள், டிரான்ஸ்ஃபார்மர்களிலிருந்து 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் இரைச்சலையும் சேர்த்துப் பிடித்துவிடும்.

சிங்கிள் காயில் என்பது இந்த ஒற்றைக் காயில் அமைப்புதான். ஸ்ட்ராட்டோகாஸ்டர் (சுருக்கமாக ஸ்ட்ராட்), டெலிகாஸ்டர் வகைகளில் இருப்பது இது. ஸ்ட்ரிங்கின் ஒரு குறுகிய பகுதியை மட்டும் கேட்பதால் சத்தம் கூர்மையாக, ஒவ்வொரு ஸ்ட்ரிங்கும் தனித்தனியாகத் தெரியும்படி வரும். பிக்கை எவ்வளவு அழுத்தினீர்கள் என்பதுகூட அப்படியே வெளியே வந்துவிடும், தப்பும் சேர்ந்துதான் வரும். இரைச்சல் உண்டு, அதிலிருந்து தப்பிக்க முடியாது. ஆறு பாட்டில் நான்கு கிளீன் என்றால் இதுதான் உங்கள் வகை.

ஹம்பக்கரில் இரண்டு காயில்கள். ஒன்றின் சுற்று திசையும் காந்த துருவமும் மற்றொன்றுக்கு நேர் எதிர். ஸ்ட்ரிங்கிலிருந்து வரும் சிக்னல் இரண்டு முறை திரும்பி ஒன்றாகக் கூடிவிடும், வெளியிலிருந்து வரும் இரைச்சலோ எதிரெதிராக வந்து அடித்துக்கொண்டு போய்விடும். லெஸ் பால், எஸ்ஜி வகைகளில் இருப்பது இது. அவுட்புட் பெரியது, நடு அலைவரிசை தடித்திருக்கும். ஸ்ட்ரிங்கின் இரண்டு இடங்களை ஒரே நேரத்தில் கேட்பதாலும் சுற்றுகள் கூடுதல் என்பதாலும் உச்ச ட்ரெபிள் கொஞ்சம் மழுங்கும். டிஸ்டார்ஷனில் அந்த மழுங்கல் வரம், கிளீனில் சிலருக்கு 'போர்வை போத்தின மாதிரி' இருக்கும்.

பி-90-ஐப் பற்றிப் பாதிப் பேர் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். அகலமாக ஹம்பக்கர் போலத் தெரிவதால் இரையாது என்று நினைக்கிறார்கள். அது சிங்கிள் காயில்தான், நன்றாகவே இரையும். காயில் அகலமாகவும் தட்டையாகவும் இருப்பதாலும், சுற்று அதிகம் என்பதாலும், ஸ்ட்ராட் சத்தத்தைவிடத் தடியாக, ஓரத்தில் லேசாக உடையும் சத்தத்தில் மிக அழகாக இருக்கும். உங்கள் பட்டியலில் 'ஓரத்தில் உடைகிறது' என்ற குறி அதிகம் இருந்தால் இதைக் கேட்காமல் முடிவெடுக்காதீர்கள்.

இரைச்சல் இல்லாத சிங்கிள் காயில் என்றும் விற்கிறார்கள். ஒரு காயிலுக்கு அடியிலேயே இன்னொரு காயிலை அடுக்கியோ, குறுகிய இடத்தில் இரண்டைப் பக்கவாட்டில் வைத்தோ செய்வது. இரைச்சல் போகும், கூர்மையிலும் சிறிது போகும். அது ஏற்கத்தக்கதா என்பதை உங்கள் காதுதான் சொல்ல வேண்டும், என் காதுக்குப் பரவாயில்லை.

4. ஆக்டிவ் பிக்கப் வேண்டுமா என்பதை இங்கேயே முடித்துவிடுங்கள்

ஆக்டிவ் பிக்கப்புக்குள் ஒரு சின்ன ப்ரீஆம்ப் (சிக்னலைப் பெருக்கும் சர்க்யூட்) இருக்கும், பெரும்பாலும் 9 வோல்ட் பேட்டரியில் ஓடும். இரைச்சல் மிகக் குறைவு, நீளமான கேபிளிலும் ட்ரெபிள் குறையாது, இறுக்கமான டிஸ்டார்ஷன். முழுக்க மெட்டல் வாசிப்பவர்களுக்கு நல்ல தேர்வு.

தடுமாறும் இடம் ஒன்றே ஒன்று. கேபிளைச் சொருகினால் பேட்டரி ஓட ஆரம்பித்துவிடும், வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும். ராத்திரி முழுக்க கேபிளோடு ஸ்டாண்டில் நிறுத்திவைத்துவிட்டு, சில வாரம் கழித்து சத்தம் கரகரவென்று உடைந்து மெலிந்தபோது பிக்கப் எரிந்துவிட்டது என்று முடிவுகட்டிய ஒரு மாணவர் இருந்தார். புது பேட்டரி போட்டதும் கதை முடிந்தது.

ஆக்டிவிலிருந்து பின்னாளில் சாதாரண பிக்கப்புக்கு மாறுவதானால் வால்யூம், டோன் பாட்களையும் (குமிழுக்கு அடியில் இருக்கும் மாறு மின்தடைகளையும்) மாற்ற வேண்டும். ஆக்டிவுக்கு 25 கிலோ ஓம் பாட் போடுவார்கள், சாதாரண பிக்கப்பை அதில் இணைத்தால் சத்தம் சேறு மாதிரி ஆகிவிடும்.

5. எந்த இடத்தில், எத்தனை

ஒரே பிக்கப்பை நெக் (கிட்டாரின் கழுத்து) பக்கம் வைத்தால் ஒரு சத்தம், பிரிட்ஜ் (உடம்பில் ஸ்ட்ரிங்கின் முனையைத் தாங்கும் பாகம்) பக்கம் வைத்தால் வேறு சத்தம். ஸ்ட்ரிங் நெக் பக்கம் அகலமாக ஆடுகிறது, அங்கே அடிநாதம் பெருகி உருண்டையாக வரும். பிரிட்ஜ் அருகே ஆட்டம் குறைவு, மேல் ஸ்வரங்களின் பங்கு அதிகம், அதனால் சத்தம் மெலிந்து கூர்மையாகும். இதற்காகத்தான் பிரிட்ஜ் பிக்கப்பைப் பெரும்பாலும் கொஞ்சம் அதிக அவுட்புட்டில் சுற்றுகிறார்கள்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று ஃபிரெட் (நெக்கில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) எண்ணிக்கை. 21, 22 ஃபிரெட் உள்ள கிட்டாரில் நெக் பிக்கப்பை, 24-ஆவது ஃபிரெட் இருந்திருக்கக்கூடிய இடத்தை ஒட்டி வைக்கலாம். 24 ஃபிரெட் கிட்டாரில் அந்த இடத்தை ஃபிரெட் போர்டே எடுத்துக்கொள்வதால் பிக்கப் பிரிட்ஜை நோக்கித் தள்ளப்படுகிறது. அந்த உருண்டையான நெக் சத்தத்துக்காகவே கிட்டார் வாங்குகிறவர் 24 ஃபிரெட்டை எடுத்துவிட்டு, பிக்கப்பை மூன்று முறை மாற்றினாலும் அந்தச் சத்தம் முழுசாகக் கிடைக்காது. இதைத்தான் மரத்தில் வெட்டப்பட்டது என்றேன்.

அடுத்தது அமைப்பு. எஸ்எஸ்எஸ், எச்எச், எச்எஸ்எஸ் என்று எழுதியிருப்பார்கள். எஸ் என்றால் சிங்கிள், எச் என்றால் ஹம்பக்கர். மூன்று சிங்கிள் இருக்கும் கிட்டாரில் ஐந்து நிலை ஸ்விட்ச் இருக்கும், 2, 4-ஆவது நிலைகளில் இரண்டு பிக்கப் சேர்ந்து ஒலிக்கும், மூக்கால் பேசுவது போன்ற அந்தச் சத்தம் வேறு எந்த அமைப்பிலும் அதே மாதிரி வராது. இன்றைய கிட்டார்கள் பலவற்றில் நடு பிக்கப்பை எதிர்த் திசையில் சுற்றியிருப்பதால், இந்த இரண்டு நிலைகளில் இரைச்சலும் அடங்கிவிடும்.

பிரிட்ஜில் ஹம்பக்கர், மற்ற இரண்டும் சிங்கிள், இதுதான் எச்எஸ்எஸ். பட்டியலில் கிளீனும் டிஸ்டார்ஷனும் பாதிப் பாதி என்றால் இதைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். குறை இரண்டு: நிலை மாறும்போது சத்தத்தின் அளவு ஏறி இறங்கும், உயரத்தைச் சரிசெய்தால் ஓரளவு சமன் ஆகும். அடுத்தது பாட். சிங்கிளுக்கு 250 கிலோ ஓம், ஹம்பக்கருக்கு 500 கிலோ ஓம் என்பது வழக்கம், குறைந்த மதிப்பு ட்ரெபிளை அதிகம் கசியவிடும் என்பதால்தான் இந்தப் பிரிவு. எச்எஸ்எஸ்ஸில் ஒரே வால்யூம் பாட் மூன்றுக்கும் பொது, 500 போட்டிருந்தால் சிங்கிள்கள் கொஞ்சம் கீச்சிடும். டோனைச் சற்று இறக்கினால் போதும், பெரிய பிரச்சினை இல்லை.

காயில் ஸ்ப்ளிட் என்ற வசதியைப் பார்த்து மயங்காதீர்கள். ஹம்பக்கரில் ஒரு காயிலை அணைத்துவிடுவதுதான் அது. சிங்கிளின் சாயல் வரும், இரைச்சலும் கூடவே வரும், அளவு பொத்தென்று இறங்கும். இருந்தால் நல்லது, அதற்காகவே ஒரு கிட்டாரை வாங்குவது சரியில்லை.

6. குழியைப் பாருங்கள்

இனி எதிர்காலக் கணக்கு. இன்றைக்குப் பிடித்த பிக்கப் இரண்டு வருடத்தில் பிடிக்காமல் போகலாம், அப்போது என்ன மாட்ட முடியும்?

ஹம்பக்கர் குழியில் ஹம்பக்கர் அளவிலேயே செய்த பி-90 போகும், அதே அளவு மூடிக்குள் வைத்த சிங்கிளும் போகும். அந்த வகையில் ஹம்பக்கர் குழிதான் தாராளமானது. சிங்கிள் குழியில் சிங்கிள் அளவு ஹம்பக்கர் மட்டும் போகும், முழு ஹம்பக்கர் மாட்ட மரத்தைக் குடைய வேண்டும். அசல் பி-90 வடிவங்களுக்குத் தனிக் குழி, அதில் நேராக உட்காரும் மாற்றுகள் கொஞ்சம்தான்.

ஸ்ட்ராட் மாதிரி பிக்கார்டில் (உடம்பின் முன்பக்கத் தட்டில்) பிக்கப் மாட்டியிருக்கும் கிட்டார்களில் பலவற்றுக்கு பிக்கார்டுக்கு அடியில் பெரிய குழியாகவே வெட்டியிருப்பார்கள். அப்படியானால் பிக்கார்டை மட்டும் மாற்றி எச்எஸ்எஸ் ஆக்கிக்கொள்ளலாம். இது வெளியிலிருந்து தெரியாது, விற்பவரிடம் கேளுங்கள்.

ஹம்பக்கரில் ஒவ்வொரு ஸ்ட்ரிங்குக்கும் அடியில் இருக்கும் உலோகத் துருவங்களுக்கு (போல் பீஸ்) இடையேயான அகலமும் இரண்டு விதம். முதல் துருவத்திலிருந்து ஆறாவது வரை ஏறக்குறைய 49–50 மி.மீ. ஒன்று, 52–53 மி.மீ. இன்னொன்று. பிரிட்ஜ் அகலமான கிட்டாரில் குறுகியதை மாட்டினால் ஓர ஸ்ட்ரிங்குகள் துருவத்துக்கு நேர் மேலே வராது. சத்தத்தில் இது நினைப்பதைவிடக் குறைந்த பாதிப்பு, பார்க்கத்தான் உறுத்தும்.

7. சோதிக்கும் வரிசை

இப்போது கையில் இரண்டு மூன்று கிட்டார்தான் மிஞ்சியிருக்கும். ஒவ்வொன்றையும் இதே வரிசையில் சோதியுங்கள். வரிசையை மாற்றினால் ஒப்பிடவே முடியாது.

முதலில் ஆம்பில் சொருகாமல் வாசியுங்கள். ஒவ்வொரு ஃபிரெட்டிலும் ஒவ்வொரு ஸ்ட்ரிங்கையும் அடித்துப் பாருங்கள். எங்காவது ஸ்வரம் செத்து விழுந்தாலோ கரகரத்தாலோ அது நெக், ஃபிரெட் சமாச்சாரம். எந்த பிக்கப்பும் அதைக் காப்பாற்றாது. நெக் கைக்கு உட்காரவில்லை என்றாலும் இங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்து சின்ன ஆம்ப், கிளீன் சேனல், பேஸ் மிட் ட்ரெபிள் எல்லாம் நடுவில், ரிவெர்ப் (எதிரொலி) பூஜ்யம். கிட்டாரில் வால்யூமும் டோனும் முழுதாக. ரிவெர்ப் போட்டால் எல்லாக் குறையும் இனிக்கும், அதனால்தான் அணைக்கச் சொல்கிறேன்.

ஒரே ஒரு கார்டை (ஸ்வரக் கூட்டை), உதாரணமாகத் திறந்த ஈ மைனர், மெதுவாக ஒவ்வொரு ஸ்ட்ரிங்காக அடித்து ஸ்விட்சின் எல்லா நிலைகளிலும் கேளுங்கள். இங்கே கேட்க வேண்டியது 'நன்றாக இருக்கிறதா' என்பது இல்லை. ஆறு ஸ்ட்ரிங்கும் ஒரே அளவில் வருகிறதா, எது அமுங்குகிறது, ஸ்விட்ச் மாறும்போது வெட்டு விழுகிறதா, இவைதான். எந்த நிலையில் எந்த பிக்கப் ஓடுகிறது என்று சந்தேகம் வந்தால், ஆம்ப் வால்யூமை நன்றாகக் குறைத்துவிட்டு ஸ்க்ரூடிரைவர் நுனியால் துருவத்தை லேசாகத் தொடுங்கள். ஓடுகிற பிக்கப் 'டக்' என்று சொல்லும்.

பிறகு கிட்டாரின் வால்யூமைப் பாதிக்கு இறக்குங்கள். சத்தம் மட்டும் குறைகிறதா, கூடவே ட்ரெபிளும் கரைந்து மந்தமாகிறதா? கொஞ்சம் கரைவது இயல்பு. ரொம்பவும் கரைந்தால், வால்யூமைத் திருப்பித் திருப்பி வாசிக்கிற ஆள் நீங்கள் என்றால், அது தினமும் எரிச்சலூட்டும்.

இனி இரைச்சல் சோதனை. கெய்னைப் பாதிவரை ஏற்றி, ஸ்ட்ரிங்குகளைக் கையால் அமுக்கி, அப்படியே உட்கார்ந்த இடத்தில் மெதுவாகச் சுழலுங்கள். சிங்கிள் காயில் என்றால் ஒரு திசையில் இரைச்சல் ஏறும், அதிலிருந்து கால் வட்டம் திரும்பினால் இறங்கும். அது காயிலின் குணம், பழுது இல்லை. பிறகு ஸ்ட்ரிங்கிலிருந்து கையை எடுங்கள், மீண்டும் வையுங்கள். கை வைத்ததும் இரைச்சல் அடங்கினால் எர்த் இணைப்பு சரியாக இருக்கிறது என்று அர்த்தம். கேபிள் பின்னின் உலோகத்தைத் தொட்டால் அடங்குகிறது, ஸ்ட்ரிங்கைத் தொட்டால் மாற்றமே இல்லை என்றால் பிரிட்ஜுக்குப் போகும் எர்த் ஒயர் அறுந்திருக்க வாய்ப்பு அதிகம். ஆக்டிவ் பிக்கப் கிட்டார்கள் பலவற்றில் அந்த ஒயரே இருக்காது, அவற்றுக்கு இந்தச் சோதனை பொருந்தாது. ஒயர் அறுந்ததற்காகக் கிட்டாரை ஒதுக்க வேண்டாம், சரிசெய்து கொடுக்கச் சொல்லுங்கள்.

கடைசியாக டிஸ்டார்ஷன். மூன்று ஸ்ட்ரிங்கில் ஒரு மேஜர் கார்டு வாசியுங்கள், பவர் கார்டு (இரண்டே ஸ்வரம் உள்ளது) வேண்டாம், அது எதிலும் நன்றாகவே இருக்கும். கார்டுக்குள் இருக்கும் மூன்று ஸ்வரமும் தெரிகிறதா, எல்லாம் குழைந்து ஒரே உருண்டையாகிவிட்டதா? ரொம்ப அதிக அவுட்புட் பிக்கப்களில் குழைவது சகஜம். சட்டென்று நிறுத்திப் பாருங்கள். நிறுத்தியதும் ஆம்ப் 'கீ...' என்று விசிலடித்தால், பிக்கப்பின் மூடியை நகத்தால் தட்டுங்கள். தட்டுவது மைக்கில் தட்டியது போல ஆம்பில் கேட்டால் காயிலுக்குள் மெழுகு இறக்காத பிக்கப். பழைய பாணிக்காக வேண்டுமென்றே அப்படிச் செய்வதுண்டு, கிளீனுக்கு அது ஒன்றும் செய்யாது, அதிக கெய்னில் தொல்லை.

எல்லாவற்றையும் போனில் பதிவு செய்யுங்கள். அரை மணி நேரத்துக்குள் காது களைத்துவிடும், மூன்றாவது கிட்டார் வரும்போது முதலாவது எப்படி இருந்தது என்று யாருக்கும் ஞாபகம் இருக்காது.

8. தீர்ப்பு சொல்லும்முன் உயரத்தைப் பாருங்கள்

இந்தப் படியைத் தெரிந்துகொள்ள நான் கொடுத்த விலை ஒரு நல்ல கிட்டார். நெக் பிக்கப் மந்தம், உயிரே இல்லை என்று முடிவு கட்டி வந்த விலைக்குத் தள்ளிவிட்டேன். வாங்கியவர் ஒரு வாரம் கழித்து வாசித்துக் காட்டினார், அதே பிக்கப், மணி மாதிரி ஒலித்தது. என்ன செய்தீர்கள் என்றால், இரண்டு ஸ்க்ரூவைத் திருப்பினேன் என்றார். நான் வைத்திருந்தபோது பிக்கப் குழிக்குள் முழுகிக் கிடந்திருக்கிறது. நான் ஒரு தடவைகூட அளந்து பார்க்கவில்லை.

அளக்கும் முறை: ஸ்ட்ரிங்கைக் கடைசி ஃபிரெட்டில் அழுத்திப் பிடித்து, அந்த ஸ்ட்ரிங்கின் அடிப்பக்கத்திலிருந்து துருவத்தின் மேல்பக்கம் வரை ஸ்கேலில் பாருங்கள். ஸ்ட்ராட் வகை சிங்கிளுக்குத் தடித்த ஆறாவது ஸ்ட்ரிங் பக்கம் 2 மி.மீ., மெல்லிய முதல் ஸ்ட்ரிங் பக்கம் 1.6 மி.மீ. என்பது நல்ல தொடக்கம். ஹம்பக்கருக்கு பிரிட்ஜில் சுமார் 1.6, நெக்கில் சுமார் 2.4. அங்கிருந்து காதை நம்பி ஏற்றி இறக்குங்கள், ஒரு தடவைக்கு ஸ்க்ரூவை அரைச் சுற்றுக்கு மேல் திருப்பாதீர்கள். கடையில் என்றால் அனுமதி கேட்டுவிட்டு.

கிட்டே வைத்தால் சத்தம் பெரிதாகும் என்று நெருக்கிவிடுவது அடுத்த தப்பு. ஸ்ட்ராட் வகை பிக்கப்கள் பலவற்றில் துருவமே காந்தம், இழுவை வலுவானது. ரொம்ப நெருங்கினால் ஸ்ட்ரிங்கைச் சுதந்திரமாக ஆடவிடாமல் இழுத்துப் பிடிக்கும். தடித்த ஸ்ட்ரிங்கில் மேல் ஃபிரெட் வாசித்தால் ஒரே ஸ்வரம் இரண்டாகப் பிரிந்து நடுங்குவது போலக் கேட்கும், ட்யூனரில் முள் நிற்காமல் தத்தளிக்கும். ட்யூனிங் கெட்டுவிட்டது என்று பிரிட்ஜை நோண்டி நாளைக் கழிப்பவர்கள் உண்டு. பிக்கப்பை இறக்குங்கள், போய்விடும்.

9. மீட்டரும் எண்களும்

அட்டையில் எழுதியிருக்கும் எண்களில் எல்லோரும் பிடித்துக்கொள்வது மின்தடை. ஸ்ட்ராட் சிங்கிள் சுமார் 6 கிலோ ஓம், மிதமான ஹம்பக்கர் சுமார் 8, சூடான (அதிக அவுட்புட்) ஹம்பக்கர் 13–16 என்று பார்க்கலாம். இதை வைத்து அவுட்புட்டை ஒப்பிடுவது ஒரே வகைக்குள், ஒரே தடிமன் கம்பிக்குள் மட்டும்தான் ஓரளவு செல்லும். 42 கேஜ் கம்பியைவிட 43 கேஜ் மெல்லியது, அதே சுற்றுக்குத் தடை அதிகம் காட்டும், சத்தம் அதற்கேற்ப பெருகாது. காந்தமும் கணக்கில் வர வேண்டும். அல்னிகோ 2 என்றால் மென்மை, அல்னிகோ 5 என்றால் வலுவும் கூர்மையும், செராமிக் என்றால் இன்னும் இறுக்கம். இவையும் பொதுவான போக்குதான், அட்டையைப் படித்துச் சத்தத்தைக் கற்பனை செய்யாதீர்கள்.

மல்ட்டிமீட்டரின் நிஜமான பயன் பழைய கிட்டாரில். கேபிளைச் சொருகி, மறுமுனையின் நுனியிலும் உடம்பிலும் மீட்டர் முனைகளை வையுங்கள், கிட்டாரில் வால்யூம் முழுதாக, ஸ்விட்ச் ஒரே ஒரு பிக்கப்பில். 8 கிலோ ஓம் பிக்கப் 7.9-க்கு அருகில் காட்டும், வால்யூம் பாட் பக்கவாட்டில் (பேரலலாக) இணைந்திருப்பதால் கொஞ்சம் குறைகிறது. 250 அல்லது 500 கிலோ ஓம் என்று காட்டினால் மீட்டர் வால்யூம் பாட் ஒன்றை மட்டும் பார்க்கிறது, காயில் எங்கோ அறுந்திருக்கிறது, அல்லது அதன் ஒயர் விட்டிருக்கிறது. இரண்டு பிக்கப் சேர்ந்த நிலையில் 4 கிலோ ஓம் என்று பார்த்துப் பதறாதீர்கள், இரண்டு 8 பக்கவாட்டில் சேர்ந்தால் 4 தான். ஆக்டிவ் பிக்கப்பில் இந்தச் சோதனைக்கு அர்த்தமில்லை.

10. வாங்கியபின் பிக்கப்பை மாற்றுவதானால்

இரண்டு மாதம் பொறுங்கள். புது ஸ்ட்ரிங், சரியான உயரம், ஆம்பில் கொஞ்சம் திருகல், இவை மூன்றையும் முடித்தபின் மிஞ்சும் குறை மட்டும்தான் பிக்கப்பின் குறை. அதையும் ஒரு வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். 'பிரிட்ஜில் மேல் ஸ்ட்ரிங் காதைக் குத்துகிறது' என்று எழுத முடிந்தால் எதை வாங்குவது என்று தெரியும். 'இன்னும் நல்ல சத்தம் வேண்டும்' என்றுதான் வருகிறது என்றால் இன்னும் நேரம் ஆகவில்லை.

ஒன்றை மட்டும் மாற்றும்போது எதிர்பார்க்காமல் வரும் வினை, இரண்டையும் சேர்த்துப் போட்டால் சத்தம் ஒல்லியாகி, பேஸே காணாமல் போவது. வேறு வேறு தயாரிப்பாளர்களின் பிக்கப்கள் கட்டம் (ஃபேஸ்) மாறி, அதாவது சிக்னல்கள் எதிரெதிராகி, ஒன்றையொன்று அழிக்கின்றன. புதிய பிக்கப்பின் இரண்டு ஒயர்களை மாற்றி இணைத்தால் சரி. ஆனால் எர்த் ஒயரே உலோக மூடியோடு சேர்ந்திருந்தால் அப்படியே மாற்றக் கூடாது, மூடி முழுக்க இரைய ஆரம்பிக்கும், முதலில் அந்த இணைப்பைப் பிரித்தெடுக்க வேண்டும். நான்கு ஒயர் வரும் ஹம்பக்கர் வாங்கினால் இந்தத் தலைவலி இல்லை, காயில் ஸ்ப்ளிட்டுக்கும் அது உதவும். ஒயர் நிறங்களின் பொருள் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும், பழைய பிக்கப்பின் படத்தைப் பார்த்துப் புதியதை சால்டர் செய்யாதீர்கள்.

கழற்றிய பழைய பிக்கப்பை ஸ்க்ரூ, ஸ்ப்ரிங்கோடு ஒரு டப்பாவில் போட்டு, எந்த இடத்திலிருந்தது, எந்த உயரத்திலிருந்தது என்று ஒரு சீட்டும் எழுதி வையுங்கள். கிட்டாரை விற்கும்போது அந்த டப்பாவைத்தான் முதலில் கேட்பார்கள்.